அளவு மீறிய பதிவேடு

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியது. ஆயினும் பேச்சைக் கடலிலிருந்து தொடங்குகிறேன். நான் வாழும் காசிமேட்டில் எதைத் தொடங்கினாலும் கடலிலிருந்து தொடங்குவதே வழக்கம். அதுவன்றியும், இன்றைய பொருளுக்குரிய பெயரே கடலிலிருந்துதான் கரையேறி வந்திருக்கிறது.

கணினி தன் வேலைகளைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளை ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருள் மரக்கட்டை. கணினிக்கும் மரக்கட்டைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், கப்பல் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அறிய ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்புறத்திலிருந்து கடலில் எறிவார்கள். கட்டை நீரில் நின்றுவிடும்; கப்பல் முன்னே செல்லும்; கயிறு ஓடும். அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்திற்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருப்பார்கள். 28 விநாடி ஓடும் மணற்கடிகையைக் கவிழ்த்து, மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கை வழியே நழுவின என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு என்றால் மணிக்கு ஐந்து கடல்மைல். கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்று சொல்கிறோமே, அதன் பொருள் முடிச்சு என்பதுதான். இவ்வாறு மரக்கட்டையால் அளந்த வேகத்தை நாள்தோறும் எழுதிவைத்த ஏடு ‘லாக் புத்தகம்’ ஆயிற்று. பின்னர் காற்று, திசை, நேர்ந்த விபத்து ஆகிய யாவும் அதில் ஏறின. கட்டை மறைந்தது, அதன் பெயர் மட்டும் நிலைத்தது. நாம் அதனைப் பதிவேடு என்று அழைப்போம்.

கணினிக்குப் பதிவேடு எதற்கு? நாம் திரையில் காண்பது கணினியின் முகத்தை மட்டுமே. உள்ளே நூற்றுக்கணக்கான சிறு வேலைகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கின்றன. வலைத்தொடர்பை ஏற்படுத்துவது ஒன்று. அச்சுப்பொறியைக் கவனிப்பது ஒன்று. நேரத்தைச் சரிபார்ப்பது ஒன்று. இவற்றுள் ஏதேனும் ஒன்று இடறினால் அது நம்மிடம் வாய்விட்டுச் சொல்ல இயலாது. ஆகவே ஓர் ஏட்டில் எழுதிவைக்கிறது. 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர், தாம் எழுதிய அஞ்சல் நிரலுக்காக இத்தகைய பதிவு முறை ஒன்றை வகுத்தார். அதற்கு ‘சிஸ்லாக்’ என்று பெயர். யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்கள் பலவும் அதனை ஏற்றுக்கொண்டன. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அவ்வழியே வந்தது.

லினக்ஸ் என்பது எங்கோ பெரிய நிலையங்களில் மட்டும் இருக்கும் பொருள் என்று எண்ண வேண்டாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அந்தப் பாஸ் லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றது. எனவே இது நம் வீட்டுச் செய்தியே.

லினக்ஸ் தன் பதிவேடுகளை ‘வார்’ என்ற அடைவினுள் ‘லாக்’ என்ற உள்ளடைவில் வைத்திருக்கும். ‘வார்’ என்பது மாறிக்கொண்டே இருப்பது என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பொருத்தமான பெயர்தான், அங்குள்ள கோப்புகள் நாம் உறங்கும்போதும் வளர்ந்துகொண்டிருக்கும்.

எழுதப்படும் செய்திகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. சிஸ்லாக் முறையில் எட்டுப் படிகள் உண்டு; சுழியம் முதல் ஏழு வரை எண்கள். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது எளிது. புயல் வருமுன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள் அல்லவா? ஒன்றாம் எண் கூண்டு என்றால் தொலைவில் ஏதோ உருவாகிறது என்று பொருள்; எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேரபாயம். கணினியின் எண் வரிசை இதற்கு நேர்மாறானது. ஏழாம் படி, நிரல் எழுதுவோர் பிழை தேடுவதற்கான அற்பக் குறிப்பு. ஆறு, வெறும் தகவல். நான்கு, எச்சரிக்கை. மூன்று, பிழை. எண் இறங்க இறங்க அபாயம் ஏறும். சுழியம் என்றால் கணினியே செயலற்றுப் போகும் நிலை. கூண்டில் எண் ஏறினால் அஞ்சுகிறோம். பதிவேட்டில் எண் இறங்கினால் அஞ்ச வேண்டும். இதனை நினைவில் கொள்க.

இத்தனை நன்மையுடைய பதிவேடே ஒருநாள் கணினியின் கழுத்தை நெரித்த கதையை இனிச் சொல்கிறேன்.

மாலை வேளைகளில் நான் சில மாணவர்க்குக் கணினி கற்பித்து வருகிறேன். ஒருநாள், புள்ளியியல் பயிலும் கல்லூரி மாணவி ஒருத்தி தன் தாயாருடன் வந்தாள். அந்த அம்மையார் மீன் ஏலம் எடுத்து விற்பவர். மகளின் கையில் கைமாறி வந்த பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் கடவுச்சொல்லையே கேட்டது. உள்ளே நுழைய வழியில்லை. பழுது பார்க்கும் இடத்தில், “வன்தட்டு நிரம்பிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும்” என்று கூறினார்களாம்.

அழிக்கலாம், ஆனால் உள்ளே இருந்தது என்ன? நாள்தோறும் விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை, நெத்திலி எத்தனை கூடை என்று தாய் வந்து சொல்ல, மகள் எட்டு மாதங்களாக அட்டவணையில் ஏற்றி வந்திருக்கிறாள். அதுவே அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. ஒப்படைக்க நான்கு நாட்களே இருந்தன. வேறு படி எங்கும் இல்லை. தாயார் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “சார், பொண்ணு எட்டு மாசமா எழுதின கணக்கு உள்ள இருக்குது, அது போனா, போன ஏலம் மறுபடி வருமா?”

வராது. அதனால்தான் அழிப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். முதல் வழியாக இருத்தல் கூடாது.

படங்களும் சாளரங்களும் நிறைந்த திரை திறக்காவிட்டாலும், லினக்ஸில் எழுத்துகளால் மட்டும் இயங்கும் முனையம் ஒன்று பின்புறக் கதவு போல இருக்கிறது. ‘கண்ட்ரோல்’, ‘ஆல்ட்’ என்னும் இரு விசைகளுடன் எஃப்-3 விசையையும் சேர்த்து அழுத்தினோம். கறுப்புத் திரை வந்தது. அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தவுடன் கதவு திறந்தது. அழகிய திரை திறக்காததன் காரணம் இதுதான்: அது தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுத வேண்டும், எழுத ஓர் எள்ளளவு இடமும் இல்லை. எழுத்து முனையத்திற்கு அந்தத் தேவை இல்லை.

முதல் வேலையாக அவளுடைய அட்டவணைக் கோப்பைப் பென் டிரைவில் படியெடுத்தோம். பழுது பார்ப்பதற்கு முன் படியெடுப்பது என்பது, படகைச் செப்பனிடுமுன் வலையைக் கரையில் இறக்கிவைப்பதைப் போன்றது. தாயாரின் முகம் அப்போதே தெளிந்துவிட்டது. ஆனால் நோய் இன்னும் தீரவில்லை.

அடுத்து, ‘டி-எஃப்’ என்னும் இரண்டெழுத்துக் கட்டளை. வன்தட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்று அது கூறும். லினக்ஸ் இருந்த 50 ஜிகாபைட் பகுதி நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. எது நிரப்பியது என்று அறிய ‘டி-யு’ என்னும் மற்றோர் இரண்டெழுத்துக் கட்டளை. அடைவு அடைவாக எடைபோட்டுக் காட்டும் தராசு அது. நிர்வாகியின் உரிமையோடு அதனை ஏவினோம். மாணவியின் கோப்புகளும் இயங்குதளமும் சேர்ந்து ஏறத்தாழ 16 ஜிகாபைட். பதிவேடுகள் மட்டும் 31 ஜிகாபைட்! வீட்டுக்காரரைவிடக் கணக்குப்பிள்ளை இரு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே சென்று பார்த்தபோது, ‘சிஸ்லாக்’ என்ற கோப்பும் ‘கெர்ன் லாக்’ என்ற கோப்பும் அவற்றின் சென்ற வாரத்துப் பிரதிகளும் சேர்ந்து 27 ஜிகாபைட்டைத் தின்றிருந்தன. பெரிய கோப்பைத் திறக்க முயலாதீர்கள், கணினி திணறும். ‘டெயில்’, அதாவது வால், என்ற கட்டளை கோப்பின் கடைசிச் சில வரிகளை மட்டும் காட்டும். வாலைப் பிடித்தோம். ஒரே செய்தி மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. அதன் சாரம் இது: ‘உறுப்பொன்றின் இணைப்பில் பிழை நேர்ந்தது, பிழை திருத்தப்பட்டுவிட்டது.’

இது எவ்வாறு 27 ஜிகாபைட் ஆயிற்று என்று காகிதத்தில் கணக்கிட்டோம். ஒரு செய்தி நான்கு வரி; ஏறத்தாழ 400 பைட். விநாடிக்கு 100 செய்திகள் வந்தன. ஆக 40,000 பைட். ஒரு மணிக்கு 14 கோடியே 40 இலட்சம் பைட். அதே செய்தி இரு கோப்புகளிலும் எழுதப்பட்டதால் 28 கோடியே 80 இலட்சம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கணினி இயங்கினால் 230 கோடிக்கு மேல், அதாவது 2.3 ஜிகாபைட். பன்னிரண்டே நாளில் 27 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டும் உரிய பழமொழியன்று.

இனி இடத்தை மீட்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பெருத்த கோப்பைக் கண்டதும் அழித்துவிடுவார்கள். பிறகு பார்த்தால் ஓர் அங்குல இடமும் மீண்டிராது. என்ன மாயம்? லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் என்பது வாசலில் மாட்டிய பலகை. பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே குடியிருப்பவர் வெளியேறிவிடுவாரா? பதிவு எழுதும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் வரையில், பெயரை நீக்கினாலும் அது எழுதிக்கொண்டேதான் இருக்கும். இடமும் அடைபட்டே இருக்கும். ஆனால் பெயர் இல்லாததால் ‘டி-யு’ தராசில் அது ஏறாது. நோய் இருக்கும், அடையாளம் மறைந்துவிடும்.

ஆகவே இரு வகையாகப் பிரிக்க வேண்டும். எழுதி முடிந்து ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய பிரதிகளை அழிக்கலாம். இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பை அழிக்காமல், அதன் நீளத்தைச் சுழியமாக்க வேண்டும். அதற்கு ‘ட்ரங்கேட்’, அதாவது தறித்தல், என்ற கட்டளை உண்டு. ஏட்டைக் கிழித்தெறியாமல், எழுதிய பக்கங்களை மட்டும் துடைத்து வெறும் ஏடாக்குவது அது. பழைய பிரதிகளை அழித்து இடம் கண்டதும், நடப்புப் பதிவேட்டின் கடைசி ஆயிரம் வரிகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அவ்வேட்டைத் தறித்தோம். நோயாளியின் இரத்தத்தில் ஒரு துளியைச் சோதனைக்கு எடுத்து வைப்பது போன்றது அந்த ஆயிரம் வரி.

இடம் மீண்டது, அழகிய திரையும் திறந்தது. மாணவி எழுந்தாள். நான் அமரச் சொன்னேன். ஏனெனில் விநாடிக்கு நூறு முறை கூவும் குரல் இன்னும் ஓயவில்லை. விட்டுவிட்டால் மீண்டும் பன்னிரண்டு நாள், அவ்வளவே.

அந்தச் செய்தி எதைப் பற்றியது? கணினிக்குள் ஓர் உறுப்புக்கும் மற்றோர் உறுப்புக்கும் இடையே தரவுகள் சிறு பொட்டலங்களாகச் செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்துடனும் ஒரு சரிபார்ப்பு எண் செல்லும். பெறும் பக்கம் அதனைக் கணக்கிட்டுப் பார்க்கும். எண் பொருந்தவில்லையென்றால், ‘பொட்டலம் சிதைந்து வந்தது, மறுபடி அனுப்பு’ என்று கேட்கும். மறுமுறை சரியாக வந்துவிடும். இழப்பு ஏதுமில்லை. அதனால்தான் ‘திருத்தப்பட்டது’ என்கிறது. செய்தியில் உறுப்பின் முகவரியும் இருந்தது. உறுப்புகளைப் பட்டியலிடும் கட்டளையோடு அதனை ஒப்பிட்டபோது, கம்பியில்லா வலைத்தொடர்புக்கான சிறிய அட்டை அது என்று தெரிந்தது.

இப்போது நம் முன் இரு வழிகள் இருந்தன. கணினி தொடங்கும்போது ஒரு சொல்லைச் சேர்த்தால் இத்தகைய பிழைகளை அறிவிக்கவே வேண்டாம் என்று ஆணையிடலாம். கூச்சல் உடனே அடங்கும். வலைத்தளங்களில் பலரும் முதலில் சொல்லும் மருந்து இதுவே. ஆனால் இது காயத்தை ஆற்றும் மருந்தன்று. அழும் குழந்தையின் வாயைப் பொத்துவது. இரண்டாவது வழி, அந்த இணைப்பு ஏன் இடறுகிறது என்று தேடுவது. சில கணினிகளில், மின்சாரத்தைச் சேமிக்க இணைப்பு அடிக்கடி உறங்கி விழிக்கும்போது இப்பிழை எழுவதுண்டு. அந்தச் சேமிப்பு முறையை நிறுத்திப் பார்க்கலாம். மின்கலம் சற்று விரைவில் தீரும், அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தோம். விநாடிக்கு நூறாக இருந்தது பத்தாகக் குறைந்ததேயன்றி ஓயவில்லை.

ஆகவே கணினியை நிறுத்தி, மின்கலத்தை நீக்கி, அடிப்பலகையைத் திறந்தோம். அந்த அட்டையின் விளிம்பில் உள்ள தொடுமுனைகளில் மங்கிய படலம் ஒன்று படிந்திருந்தது. காசிமேட்டில் வாழ்வோர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. இங்கே கடற்காற்று சன்னல் கம்பியைத் தின்னும். மிதிவண்டிச் சங்கிலியைத் தின்னும். சுவரில் அடித்த ஆணியைத் தின்னும். அது மடிக்கணினியை மட்டும் விட்டுவைக்குமா? ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, உலரவிட்டு, அட்டையைத் திரும்பப் பொருத்தினோம். கணினியை இயக்கி வாலைப் பிடித்தோம். பதிவேட்டில் வழக்கமான சில வரிகள் வந்தன. பிறகு அமைதி. சேமிப்பு முறையை மீண்டும் இயக்கியும் பார்த்தோம். அந்தச் செய்தி வரவில்லை.

எல்லாக் கணினிகளிலும் காரணம் உப்புதான் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றில் பழைய நிரல் காரணமாகும், புதிப்பித்தால் தீரும். சிலவற்றில், ஒரு செயலி இடறி விழுந்து, தானே எழுந்து, மீண்டும் விழுந்து, ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் எழுதும். சிலவற்றில், வரைகலைத் திரையின் செயலிகள் புலம்பும் புலம்பல், பயனரின் சொந்த அடைவிலேயே ‘எக்ஸ்-செஷன்-எரர்ஸ்’ என்ற மறைகோப்பாகச் சேரும். பதிவு அடைவை மட்டும் தேடுவோர் கண்ணுக்கு அது அகப்படாது. காரணம் எதுவாயினும் முறை ஒன்றே: முதலில் எடைபோடு, பிறகு வாலைப் பார், யார் கூவுகிறார் என்று அறி, ஏன் கூவுகிறார் என்று கேள். அதன்பின்னும் தீர்க்க முடியாத, தீங்கற்ற கூச்சல் என்று உறுதியானால் மட்டும் வாயை அடை.

நோய் தீர்ந்தபின் வருமுன் காக்க வேண்டும் அல்லவா? பதிவேட்டுக்கு வரம்பு கட்டுவதே அது. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. லினக்ஸில் ‘லாக்-ரொட்டேட்’ என்னும் நிரல் உண்டு. அது குறித்த காலத்திற்கு ஒருமுறை நடப்பு ஏட்டை ஒதுக்கிவைத்துப் புதிய ஏட்டைத் தொடங்கும். பழையவற்றைச் சுருக்கி வைக்கும். நான்கு ஏடுகள் சேர்ந்தால் மிகப் பழையதைக் கழிக்கும். அப்படியானால் இந்த மாணவியின் கணினியில் அது ஏன் காக்கவில்லை? அங்கே வாரம் ஒருமுறை என்று காலத்தால் மட்டும் வரம்பு இருந்தது. அளவால் வரம்பு இல்லை. ஒரு வாரம் முடிவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. ஒதுக்கிய முதல் ஏட்டையும் மறுவாரம் வரை சுருக்காமல் வைத்திருப்பது அதன் வழக்கம். ஆகவே, ‘நூறு மெகாபைட்டைத் தாண்டினால் வாரத்திற்குக் காத்திராதே’ என்று ‘மேக்ஸ்-சைஸ்’ என்னும் ஒரு வரியைச் சேர்த்தோம். அந்த நிரல் பொதுவாக நாளுக்கு ஒருமுறை விழித்துப் பார்ப்பது. ஆகையால் ஒரு நாளைய வெள்ளம் வரைக்கும் தாங்க இடம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் ‘ஜர்னல்’ என்ற மற்றொரு பதிவேடும் இருக்கிறது. 2010-இல் வெளிவந்த ‘சிஸ்டம்-டி’ என்னும் அமைப்பின் கிளை அது. அதற்குப் பிறவியிலேயே வரம்பு உண்டு: தான் இருக்கும் பகுதியில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் 4 ஜிகாபைட்டுக்கு மேற்படாது. நம் மாணவியின் கணினியிலும் ஜர்னல் 4 ஜிகாபைட்டில் நின்றுவிட்டது. எல்லை இல்லாத மற்றவையே 27-ஆகப் பெருகின. ஒரே வெள்ளத்தில், கரை கட்டிய ஏரியும் கரையற்ற ஓடையும் எவ்வாறு நடந்துகொண்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த 4 ஜிகாபைட்டும் வீட்டுக் கணினிக்கு மிகை. அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி 200 மெகாபைட்டுக்குள் நிறுத்தலாம். ‘ஜர்னல்-சி-டி-எல்’ என்னும் கட்டளையால் எவ்வளவு இடம் பிடித்துள்ளது என்றும் பார்க்கலாம். மூன்றாம் படி வரையுள்ள பிழைகளை மட்டும் பொறுக்கிப் படிக்கலாம். இரண்டு வாரத்துக்கு முந்தியவற்றைக் கழிக்கவும் செய்யலாம்.

பழையதைக் கழித்துப் புதியதை ஏற்கும் இம்முறை கப்பலுக்கும் உண்டு. மரக்கட்டையின் வழித்தோன்றலாக இன்றைய பெருங்கப்பல்களில் பயணத் தரவுப் பதிவுக்கருவி இருக்கிறது. கப்பலின் வேகம், திசை, ரேடார் காட்சி, தளத்தில் பேசிய பேச்சு ஆகியவற்றை அது பதிந்துகொண்டே இருக்கும். 2014 ஜூலை முதல் தேதிக்குப் பின் பொருத்தப்படும் கருவிகளில், காப்பு உறைக்குள் கடைசி 48 மணி நேரமும், கப்பலினுள் கடைசி 30 நாட்களும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதற்கு முந்தியவை மேலெழுதப்பட்டு மறைந்துவிடலாம். விபத்து நேர்ந்தால், மறையுமுன் அப்பதிவைப் பாதுகாப்பது கப்பல் தலைவரின் கடமை.

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எங்கள் கரையெல்லாம் கரும்பிசினாகப் படிந்ததையும், அதனை வாளிகளால் அள்ளியதையும் இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. இத்தகைய நாளில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். நடந்தபோதே எழுதப்பட்ட ஏடு மட்டும் நடந்ததைச் சொல்லும். ஆகவே, இடம் அடைக்கிறது என்பதற்காகப் பதிவையே நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. உங்கள் கணினியில் யார் எப்போது நுழைந்தார், கடவுச்சொல் எப்போது தவறாக முயலப்பட்டது என்பனவற்றையும் அதே ஏடுகள்தாம் காக்கின்றன. பதிவேட்டுக்கு வரம்பு கட்டுவது வேறு. பதிவேட்டைக் கொளுத்துவது வேறு.

அந்த மாணவி குறித்த நாளில் தன் ஆய்வை ஒப்படைத்தாள். பின்னர் ஒருநாள் அதன் வரைபடத்தை என்னிடம் காட்டினாள். விலைக்கோடு ஏறி இறங்கிச் சென்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலத்தில், செங்குத்தாக எழுந்து நின்றது. எட்டு மாதக் கணக்கு முழுவதும் சேர்ந்து ஒரு மெகாபைட் கூட இல்லை. பயனற்ற 27 ஜிகாபைட், பயனுள்ள அந்த ஒரு துளியைக் கரைக்குத் தள்ளிவிடப் பார்த்தது.

எனினும் அந்தப் பயனற்ற ஏட்டையும் நான் பழிக்கமாட்டேன். உப்பு அரிக்கிறது என்ற உண்மையைப் பன்னிரண்டு நாட்களாக அது சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்க ஆளில்லாததால்தான் அதே சொல் மலையாகக் குவிந்தது. ஆகவே மாணவ நண்பர்களே, மாதம் ஒருமுறையேனும் உங்கள் கணினியின் பதிவேட்டின் வாலைப் பிடித்துப் பாருங்கள். உங்கள் சொந்த ஏட்டுக்கு எப்போதும் ஒரு படி வேறிடத்தில் வைத்திருங்கள். அந்த மாணவி இப்போது இரண்டு பென் டிரைவ் வைத்திருக்கிறாள். ஒன்று அவள் பையில் இருக்கிறது. மற்றொன்று, தாயாரின் ஏலப் பணம் வைக்கும் சுருக்குப்பையில்.